ஒரே கிழங்கு, மூன்று காரம்

செம்பாக்கத்தைக் கடந்து போகும் தாம்பரம்–வேளச்சேரி சாலையில், விடிகாலையில் இஞ்சி டீ போடுகிற மாஸ்டரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கும். அதில் நசுக்கிய இஞ்சி விழும். அது தளதளவென்று கொதித்த பிறகுதான் பால் வரும். அவசரத்தில் இந்த வரிசையை மாற்றி, சூடேறிக்கொண்டிருக்கும் பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் பால் திரிந்துவிடும். வீட்டில் இஞ்சி டீ போட்டுப் பழகியவர்களுக்கும் இது தெரியும். எலுமிச்சையில் இருக்கும் புளிப்பு இஞ்சியில் இல்லையே, பிறகு ஏன் பால் திரிகிறது?

காரணம் ஒரு நொதி. நொதி அல்லது என்சைம் என்பது உயிர்களுக்குள் நடக்கும் வேதிவேலைகளை விரைவாக முடித்துக் கொடுக்கும் புரதம். இஞ்சியில் இருப்பதன் பெயர் ஜிஞ்சிபெயின். மற்ற புரதங்களை வெட்டுவதுதான் அதன் தொழில். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் நுண்ணிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இழைகள் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால்தான் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் பால் பாலாகவே இருக்கிறது. ஜிஞ்சிபெயின் அந்த இழைகளை மழித்துவிடுகிறது. மொட்டையான உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஐரோப்பாவில் சீஸ் செய்பவர்கள் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு செய்வதும் இதே வேலைதான்.

60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் ஜிஞ்சிபெயின் மும்முரமாக வேலை செய்யும். கொதிக்கும் தண்ணீரில் அதன் உருவமே குலைந்து செயலற்றுப் போகும். மாஸ்டர் இஞ்சியை முதலில் கொதிக்க விடுவது மணத்துக்காக மட்டுமல்ல, அந்த நொதியை முடித்துவிடுவதற்கும்தான். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் இதை நேர்த் தலைகீழாகச் செய்கிறார்கள். கிண்ணத்தில் பச்சை இஞ்சிச் சாறு. அதன்மேல் கொதி அடங்கிய, சர்க்கரை கலந்த பால். கலக்காமல் விட்டால் சில நிமிடங்களில் சீம்பால் பதத்தில் உறைந்துவிடும். நமக்குக் கெட்டுப்போன பால், அவர்களுக்கு இனிப்புப் பண்டம்.

பிரியாணிக்குக் கறியை இஞ்சி பூண்டு விழுதில் ஊறவைப்பதிலும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. இறைச்சியைக் கடினமாக வைத்திருப்பது கொல்லாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம். ஜிஞ்சிபெயின் அதையும் வெட்டும். ஆனால் விழுது பச்சையாக அரைத்ததாக இருக்க வேண்டும். சூடேற்றிப் பதப்படுத்திய பாக்கெட் விழுதில் மணம் மிச்சமிருக்கலாம், இந்த வேலை நடக்காது.

இனி காரத்துக்கு வருவோம். நம் அறுசுவையில் கார்ப்புக்கு இடம் உண்டு. உடலியல் நூல்களோ அதைச் சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றை உணரும் சுவை மொட்டுகளுக்குக் காரம் தெரியாது. காரத்தை உணர்வது, சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள். அந்த முனைகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி இருக்கிறது. ஏற்பி என்பது குறிப்பிட்ட தூண்டுதல் வந்தால் மட்டும் திறக்கும் புரதக் கதவு. இந்தக் கதவு சுமார் 43 டிகிரி வெப்பத்தில் திறந்து "சுடுகிறது" என்று சேதி அனுப்பும். மிளகாயிலுள்ள காப்சைசின் பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டும் ஒரே சேதி. அதனால்தான் ஆறிய குழம்பு நாக்கைச் சுடுகிறது, நெற்றி வியர்க்கிறது. 1997இல் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் தலைமையில் இயங்கிய குழு. அதற்காக 2021இல் ஆர்டம் பட்டபூட்டியனுடன் அவர் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

போர்ச்சுக்கீசியர்கள் வழியாக மிளகாய் வந்து சேரும்வரை நம் சமையலில் இந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். மிளகிலும் திப்பிலியிலும் இருப்பது பைபரின். இஞ்சியில் ஜிஞ்சரால். மண்ணுக்கடியில் கிடக்கும் சதைப்பற்றான கிழங்கைப் பூச்சியும் பூஞ்சணமும் சும்மா விடாது. அவற்றை விரட்டச் செடி செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் நாம் துவையலாக அரைத்துச் சாப்பிடுகிறோம்.

ஜிஞ்சரால் மூலக்கூறை வரைந்து பார்த்தால் ஒரு தலை, ஒரு வால். தலை என்பது ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட வளையமும் அதில் ஒட்டிய இரண்டு சிறு கொக்கிகளும். இதே தலை மிளகாயின் காப்சைசினில் இருக்கிறது. கிராம்பின் மணமான யூஜினாலில் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினில் இரண்டு முனையிலும் இருக்கிறது. ஐஸ்கிரீமில் வரும் வனிலா வாசனையான வனிலினிலும் அதுவேதான். வாலை நீட்டினால் காரம், குறுக்கினால் இனிய மணம். இஞ்சியின் மற்ற ரகசியங்கள் எல்லாம் இந்த வாலில்தான் இருக்கின்றன.

இஞ்சியைக் காயவைத்தால் என்ன நடக்கிறது? பச்சை இஞ்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 1 கிலோ இஞ்சி காய்ந்தால் 200 கிராமை ஒட்டித்தான் சுக்கு கிடைக்கும். ஆச்சரியம் அதற்கு அடுத்த அடுக்கில் இருக்கிறது. கிழங்கு தண்ணீரை இழக்கும்போதே, ஜிஞ்சரால் மூலக்கூறும் தன் வாலிலிருந்து ஒரே ஒரு நீர் மூலக்கூறை இழக்கிறது. மிச்சமாவது ஷோகயால் என்ற புதிய பொருள். காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர் ஒரு முறை வகுத்தார். சர்க்கரைத் தண்ணீரில் எத்தனை மடங்கு நீர்க்க வைத்தால் காரம் மறைகிறது என்பதே கணக்கு. தூய ஜிஞ்சராலுக்கு அந்த அளவு சுமார் 60,000. பைபரினுக்கு ஒரு லட்சம். ஷோகயாலுக்கு 1,60,000. காப்சைசின் இவற்றோடு சேர்த்துப் பேசக்கூடியதே அல்ல, அது 1.6 கோடி. சுக்கு காபி தொண்டையில் இறங்கும்போது ஒரு பிடிபிடிப்பது, தண்ணீர் வற்றிக் காரம் செறிவானதால் மட்டுமல்ல. அங்கே காரமே வேறு.

மூன்றாவது காரம் வாணலியில் பிறக்கிறது. இஞ்சியை நேரம் எடுத்து வதக்கினாலோ வேகவைத்தாலோ ஜிஞ்சராலின் வால் நடுவில் முறிகிறது. முறிந்து விழும் துண்டு ஹெக்சனால். வெட்டிய புல்லின் பச்சை வாசனை அதற்கு உண்டு. மிஞ்சுவது ஜிஞ்சரோன். வால் குட்டையாகிவிட்டதால் அது வனிலினுக்கு நெருங்கிய உறவாகிவிடுகிறது. காரம் தணிந்து லேசான இனிப்பு வாசனை தட்டுகிறது. நல்லெண்ணெயில் நிதானமாக வதக்கி, புளியும் வெல்லமும் சேர்த்த புளி இஞ்சிக்கும், பச்சையாகத் துருவித் தயிரில் கலந்த இஞ்சிப் பச்சடிக்கும் ஒரே கிழங்குதான் என்பதை நாக்கு நம்ப மறுப்பது இதனால்தான்.

செம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அங்கேதான் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். இங்கே கற்பிக்கப்படும் சித்த மருத்துவ மரபு இஞ்சியையும் சுக்கையும் ஒரே மருந்தின் ஈரம், காய்வு என்று பார்ப்பதில்லை. இரண்டும் இரண்டு சரக்கு. உண்ணும் வேளை வேறு, சேர்க்கும் மருந்து வேறு, சுத்தி செய்யும் முறை வேறு. மூலக்கூறு என்ற எண்ணமே இல்லாத காலத்தில், நாக்கையும் வயிற்றையும் மட்டும் கருவியாக வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைப் பிடித்திருக்கிறார்கள். 2020இல் கொரோனா நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் முதலில் வருவது சுக்கு. அடுத்தது திப்பிலி.

சுத்தி முறைகளையும் கவனிக்கலாம். சுக்குக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்துத் தோலைச் சுரண்டுவார்கள். ஏற்றுமதிச் சந்தையிலும் சுண்ணாம்பு பூசிய சுக்குக்குத் தனி ரகமே உண்டு. வண்டு எளிதில் அண்டாது. இஞ்சிச் சாற்றைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளை வண்டலை விலக்குவார்கள். அந்த வண்டலில் பெரும்பகுதி மாவுச்சத்து. தோலை நீக்கச் சொன்னாலும் கத்தியால் ஆழமாகச் சீவுவது வீண் செலவு. மண எண்ணெய் தங்கும் அறைகள் தோலுக்கு நேர் கீழேதான் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்பூன் விளிம்பால் சுரண்டினால் போதும்.

இந்த மண எண்ணெய் காரத்திலிருந்து தனிப்பட்டது. பச்சை இஞ்சியை நறுக்கும்போது எலுமிச்சை வாசனை தட்டுவது சிட்ரால் என்ற பொருளால்; எலுமிச்சைப் புல்லின் மணமும் இதுவே. எளிதில் ஆவியாகக்கூடியது. அடுப்பில் அதிக நேரம் கிடந்தால் அது சமையலறைக்குப் போய்விடும், சாப்பாட்டுக்கு வராது. காரம் வேண்டுமென்றால் இஞ்சியை முன்னால் போடுங்கள். மணம் வேண்டுமென்றால் இறக்கும் நேரத்தில் கொஞ்சம் துருவிப் போடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தடவை.

ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கூடியதும் இறக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே கணக்குதான். கொத்தமல்லியின் லினலூல், சீரகத்தின் குமினால்டிஹைடு எல்லாம் ஆவியோடு கிளம்பிவிடும் பேர்வழிகள். ரசம் வைக்கும்போது தெருமுனை வரை மணந்தது என்றால் அது பாராட்டல்ல; இலையில் அந்த மணத்தில் பாதி இருக்காது. மிளகின் பைபரினுக்கு வேறொரு குணம். அது தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. 1 லிட்டரில் 40 மில்லிகிராம் கரைந்தால் பெரிது. நெய்யில் நன்றாகக் கரையும். ரசத்தில் கடைசியாக விழும் ஒரு ஸ்பூன் நெய்த்தாளிப்பு, அடியில் தங்கிக் கிடக்கும் மிளகின் காரத்தை மேலே ஏற்றி நாக்கு முழுக்கப் பரப்புகிறது.

தாளிப்பைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். கடுகை மட்டும் எடுத்துக்கொள்வோம். முழுக் கடுகில் காரமே இல்லை. காரத்துக்கான மூலப்பொருள் ஓர் அறையில், அதை மாற்றும் நொதி வேறோர் அறையில், நடுவில் சுவர். பூச்சியோ நம் பல்லோ அதை நசுக்கினால் சுவர் இடிந்து இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் கந்தகக் காரம் உருவாகிறது. ஆவக்காய் ஊறுகாயில் பச்சைக் கடுகைப் பொடித்துப் போடுவது இதற்காக. கொதிக்கும் எண்ணெயில் போட்டால் கதையே வேறு. கடுகினுள் இருக்கும் துளி ஈரம் நீராவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரியப் பார்க்கிறது; தோல் வெடிக்கிறது. அதற்குள் சூடு நொதியை அழித்துவிடுவதால் காரம் பிறக்க வழியில்லை. மிஞ்சுவது வறுத்த பருப்பின் மணம். வெடிக்காத கடுகு வாயில் அகப்பட்டால் ஏன் கசந்து கடுக்கிறது என்பதும் இப்போது விளங்கும்.

பெருங்காயத்தை எண்ணெயில் பொரிப்பதும் கந்தகத்தோடு செய்யும் பேரம்தான். பச்சையாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் கந்தகச் சேர்மங்கள், சூடான எண்ணெயில் மாறி வெங்காயம் பூண்டு வதங்கும் மணத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரு தகவல்: சாம்பாரும் ரசமும் இதில்லாமல் இல்லை என்றாலும், செடி ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளைவது. இமாச்சலத்தின் பாலம்பூர் ஆய்வு நிறுவனம் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதன் நாற்றை நட்டது 2020 அக்டோபரில்தான்.

மஞ்சளுக்கு வருவோம். உடல்நலம் பற்றி அதிகம் அளக்கப்படுவதும் இதுதான், அதிகம் மிகைப்படுத்தப்படுவதும் இதுதான். குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் கடினம். போன கொஞ்சத்தையும் கல்லீரல் அடையாளம் கண்டு, ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியே அனுப்பிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் தடயம் ஏறக்குறைய இல்லை. அதோடு 20 மில்லிகிராம் பைபரினைச் சேர்த்தபோது உடலில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பைபரின் கல்லீரலின் அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. 20 மில்லிகிராம் பைபரின் என்றால் ஏறக்குறைய பத்து மிளகு. மிளகுத் தூள் தட்டிப் போட்ட மஞ்சள் பாலின் நினைவு வந்து மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் 2 கிராம் குர்குமின் கிடைக்க 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும்; நாம் போடுவது சிட்டிகைக் கணக்கு. அது சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளையும் மிளகையும் சேர்ப்பது நல்ல சமையல். அதை மாத்திரையாக்கி விற்பவர் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. தவிர, பைபரின் குர்குமினுக்கு மட்டும் வழிவிடுவதில்லை. சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தும்.

மஞ்சளின் சோதனைக்கூட வித்தை ஒன்று நம் வாசற்படியிலேயே நடக்கிறது. மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு கலந்தால் நீர் சிவக்கிறது. ஆரத்தி தயார். குர்குமின் மூலக்கூறு காரத்தன்மையுள்ள நீரில் ஹைட்ரஜனை இழந்து ஒளியை வேறு விதமாக உறிஞ்சுவதால் வரும் சிவப்பு அது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். கல்லூரி ஆய்வகத்தில் மஞ்சள் தாளை வைத்துக் காரத்தன்மையைச் சோதிப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் அத்தைமார்கள் தட்டில் வைத்துச் சுற்றுகிறார்கள்.

இஞ்சி எந்த நோய்க்கு உதவும்? நல்ல சான்று இருப்பது குமட்டலுக்கு. 1982இல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனை சுவாரசியமானது. பயணக் குமட்டல் எளிதில் வரக்கூடிய 36 மாணவ மாணவியரைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கிட்டத்தட்ட 1 கிராம் சுக்குத் தூள் சாப்பிட்டவர்கள், வழக்கமான குமட்டல் மருந்து சாப்பிட்டவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பயணக் குமட்டல் பற்றிப் பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி உதவுவதைப் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. வழி என்ன? குடலிலிருந்து வாந்திச் சேதி கிளம்பும் இடத்தில் செரோட்டோனினுக்கான ஓர் ஏற்பி இருக்கிறது. வாந்திக்கு டாக்டர் எழுதித் தரும் ஒண்டான்செட்ரான் மாத்திரை அந்தக் கதவை அடைக்கிறது. ஜிஞ்சராலும் ஷோகயாலும் அதே கதவைத்தான் அடைக்கின்றன, பலம் குறைவாக. தீபாவளிக் காலையில் பட்சணத்துக்கு முன்னால் விரலில் எடுத்து நக்கும் சுக்கும் திப்பிலியும் ஓமமும் கலந்த லேகியத்துக்கு இப்படி ஒரு பின்னணி இருக்கிறது. சளிக்கும் இருமலுக்கும் சுக்கு காபி இதம் தரும். நோயை விரட்டுகிறது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் சமையலுக்கு மேல் அளவு கூட்டுவதானால் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இஞ்சியின் பிறப்புக் கதையையும் சொல்லிவிடுகிறேன். காட்டு இஞ்சி என்று எதை எதையோ காட்டுவார்கள். ஆனால் நாம் சமைக்கும் இந்த இஞ்சி உலகின் எந்தக் காட்டிலும் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. விதையும் அநேகமாகக் கட்டாது. இது முழுக்க மனிதன் கைமாற்றிக் கொண்டுவந்த செடி. கிழங்கைக் கிள்ளி நட்டால் அதே செடி, அதைக் கிள்ளி நட்டால் மறுபடி அதே செடி. தாம்பரம் சந்தையில் நீங்கள் பேரம் பேசி வாங்கும் துண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் யாரோ தோண்டிய ஒரு கிழங்கின் வாரிசு என்பதைவிட, அதன் நீட்சி என்பதே சரி. உண்மையில் அது வேரும் அல்ல, கிடைமட்டமாக வளரும் தண்டு. அதனால்தான் அதில் கணுவும் முளையும் இருக்கின்றன.

முளை கட்டிய துண்டு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். சித்திரை, வைகாசியில் முளை மேலே பார்க்க இரண்டு விரல் ஆழத்தில் தொட்டியில் நடுங்கள். உச்சி வெயில் படாத இடம் வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். தொட்டியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இளசாக வேண்டுமென்றால் ஐந்தாறு மாதத்தில் நார் இல்லாமல் தோண்டலாம். முற்ற விட்டால் எட்டு மாதத்தில் இலை மஞ்சளாகித் தையை ஒட்டி அறுவடைக்கு வரும். பொங்கல் பானைக்குக் கட்ட ஒரு கொத்தும், சுக்குக்குக் காயவைக்கக் கொஞ்சமும், அடுத்த சித்திரைக்கு நட ஒரு துண்டும் அதிலேயே கிடைத்துவிடும்.